டைமிங் செயினைத் தொடப்போகும் பிள்ளைகளுக்கு

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதத்தில்தான் நம் காரைக்கால் கருக்களாச்சேரியில் வாசலுக்கு வாசல் ஒரு மோட்டார் சைக்கிள் பிரிந்து கிடக்கும். பிள்ளைகளுக்கு நேரம் இருக்கிறது, கையில் காசு இல்லை, வருடம் முழுக்கப் பட்ட பாட்டுக்கு வண்டி வைத்தியம் கேட்கிறது. பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், பின் செயின் எல்லாம் நீங்களே மாற்றிக்கொள்கிறீர்கள். இப்போது எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினையும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். மாற்றலாம். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். நம் பக்கம் அதிகம் ஓடுவது ஸ்பிளெண்டர். அதை வைத்தே பேசுகிறேன், வேறு வண்டி வரும் இடத்தில் தனியாகச் சொல்வேன்.

1. உன் எஞ்சின் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள். ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவன் இந்தப் பேச்சைக் கேட்கவே வேண்டாம்; அது டூ ஸ்ட்ரோக், அதில் கேமால் திறக்கும் வால்வும் இல்லை, டைமிங் செயினும் இல்லை. பழைய புல்லட்டில் வால்வைத் திறப்பது பல்சக்கரமும் புஷ் ராடும். மீன் பெட்டி கட்டிக்கொண்டு போகிற டிவிஎஸ் எக்ஸ்எல் பழையதாக இருந்தால் அதுவும் டூ ஸ்ட்ரோக். 2015இல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக், அதற்குள் டைமிங் செயின் உண்டு. ஸ்பிளெண்டர் 1994இல் வந்தது. அதன் 97.2 சிசி எஞ்சின் அதற்கும் முன்னால், 1985இல், சிடி 100 வண்டியோடு இந்தியாவுக்குள் வந்தது. போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 49.5. ஜப்பானில் ஹோண்டா கப் வண்டிக்குப் போட்ட, முன்பக்கம் படுத்துக்கிடக்கும் எஞ்சினின் வழிவந்தது. இந்தக் குடும்பத்து எஞ்சினை ஒரு முறை ஒழுங்காகத் திறந்து மூடியவன், மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குப் போய் அங்கே ஓடும் கப் வண்டியைப் பார்த்தால் கை தானாகவே சரியான போல்டுக்குப் போகும். எஞ்சின் எதுவோ, அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள். அளவு விஷயத்தில் என் வாய்ச்சொல்லைவிட அதுதான் உனக்குத் துணை.

2. ஸ்பேனரை எடுக்கும் முன் காதைத் தீட்டு. ‘கலகல’ என்று சத்தம் வந்தால் உடனே டைமிங் செயின் என்று முடிவு கட்டுகிறீர்கள். முதலில் பின்னால் கட்டியிருக்கும் மீன் பெட்டியையும் அதன் இரும்புச் சட்டத்தையும் இறக்கு. பின் செயின் தளர்ந்து செயின் கவரில் அடிக்கிறதா பார். லெக் கார்டு, சைலன்சர் போல்ட், நம்பர் பிளேட் எல்லாவற்றையும் கையால் ஆட்டிப் பார். பாதிச் சத்தம் இங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்கப்புறமும் சத்தம் இருந்தால், வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு ஸ்டார்ட் செய். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் உடம்பில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேள். மேலே ஹெட்டின் டேப்பட் மூடி மேல் வைத்தால் ‘டிக் டிக்’ என்று ஒழுங்கான தட்டல் கேட்கிறதா? அது டேப்பட் இடைவெளி. எஞ்சின் நன்றாக ஆறியபின் ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்தால் போதும். இடது பக்கம், மேக்னட் கவருக்கும் போருக்கும் (சிலிண்டருக்கும்) நடுவில், ஒழுங்கில்லாமல் ‘சரசர’ என்று உரசுகிறதா? ஆக்ஸிலரேட்டரை முறுக்கிச் சட்டென்று விடும்போது அது கூடுகிறதா? காலையில் முதல் கிக்கில் பலமாகக் கேட்டு, ஆயில் ஏறியபின் குறைகிறதா? அப்படியானால் டைமிங் செயினையோ டென்ஷனரையோ சந்தேகப்படு. கீழே, அடிவயிற்றிலிருந்து ‘டங் டங்’ என்று கனமாக இடித்தால் அது கனெக்டிங் ராடு பேரிங். வண்டியை அப்போதே நிறுத்து. வாசலில் வைத்துச் செய்கிற வேலை இல்லை அது.

ஒரு பக்கமும் புரியாவிட்டால் ஆயில் அளவைப் பார். இந்த எஞ்சினில் ஆயில் குறைந்தாலே செயின் சத்தம் போடும். ஆயிலை மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கேள்.

3. உள்ளே நடப்பது மனதில் படமாக ஓட வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் மேலே கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது டைமிங் செயின். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது கிராங்க் நொடிக்கு 100 முறையும் கேம் 50 முறையும் சுற்றுகின்றன. வால்வு ஸ்பிரிங் அழுத்தும்போது கேம் இழுபடும், விடும்போது முன்னால் துள்ளும். அதனால் செயின் ஒரே இறுக்கத்தில் ஓடுவதில்லை, நொடிக்கு நொடி இழுத்து விட்டு இழுத்து விட்டு ஓடுகிறது. செயினின் ஒரு பக்கம் இழுவையில் இருக்கும், மறுபக்கம் தளர்ந்து வரும். தளர்ந்து வரும் பக்கத்தை அழுத்திப் பிடிப்பதுதான் டென்ஷனர்.

செயின் ‘நீண்டுவிட்டது’ என்று சொல்கிறோம். இரும்புத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோத்திருக்கும் ஒவ்வொரு பின்னும் துளையும் மயிரிழை தேய்கின்றன. அத்தனை கண்ணியின் தேய்மானத்தையும் கூட்டினால் செயின் நீண்டதாக ஆகிவிடுகிறது. தேய வைப்பது பெரும்பாலும் அழுக்கு ஆயில். எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான் இதில். கிளட்ச் பிளேட்டின் தூளும் கியரின் தூளும் அதே ஆயிலில் மிதந்து செயினுக்குள் போகின்றன. ஆயில் மாற்றத் தவணை தவறியவன்தான் சீக்கிரம் டென்ஷனர் கிட் வாங்கக் கடைக்குப் போகிறான்.

4. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டாதே, அடியில் வாஷர் போடாதே. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே என்று கைபிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். வண்டி சத்தம் போடும். எஞ்சினின் அடியில் இருக்கும் டென்ஷனர் போல்டைக் கழற்றினால் ஸ்பிரிங் கையில் வரும். அதைக் கொஞ்சம் இழுத்து நீட்டியோ, போல்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் ஒரு வாஷரைச் செருகியோ மாட்டினால் சத்தம் அந்த நிமிடமே அடங்கிவிடும். ஐந்து நிமிட வேலை. வண்டிக்காரர் முகம் மலர்ந்து காசு கொடுத்துவிட்டுப் போவார். உள்ளே என்ன ஆகிறது? செயின் தளர்ந்ததற்கு டென்ஷனர் கையின் ரோலர் தேய்ந்ததோ, ஸ்பிரிங் தள்ளும் டென்ஷனர் புஷ் ராடின் ரப்பர் தலை பிய்ந்ததோ, செயினே தேய்ந்ததோ காரணமாக இருக்கும். அந்தக் காரணம் அப்படியே இருக்கிறது. அதன் மேல் அளவுக்கு மிஞ்சிய அழுத்தம் ஏறுகிறது. ஏற்கெனவே தேய்ந்த ரோலர் இன்னும் வேகமாகத் தேயும், அதன் ரப்பர் துண்டு துண்டாக ஆயிலில் விழும். ரப்பர் போனபின் செயின் இரும்பின் மேல் ஓடும். கடைசியில் அலுமினிய உடம்பையே அறுக்கத் தொடங்கும். இத்தனை நாளும் வெளியே சத்தம் இருக்காது. எச்சரிக்கை செய்துகொண்டிருந்த ஒரே வாயை நாம் அடைத்துவிட்டோம்.

காரைக்கால் டவுனிலிருந்து நாகூர் ரோட்டில் பெட்டி நிறைய மீனோடு போகும் ஒரு அக்காவின் வண்டி நடுவழியில் செயின் பல் தாண்டி நின்றால், ஐஸ் கரைகிற நேரத்துக்குள் அன்றைய பிழைப்பு போய்விடும். அதை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சத்தம் ஏன் வந்தது என்று கண்டுபிடிக்காமல் அதை அடக்கிக் கொடுக்கிறவனிடம் நம் ஊர்ப் பிள்ளை வேலை கற்கக் கூடாது.

5. தனித்தனியாக வாங்காதே. செயின், டென்ஷனர் கை, அதன் ரோலர், புஷ் ராடு, அதன் ரப்பர் தலை, ஸ்பிரிங் இவை எல்லாம் ஒன்றோடொன்று உரசி ஒரே வயதில் தேய்ந்தவை. புதுச் செயினைப் பழைய ரோலரில் ஓட்டினால் புதுசும் சீக்கிரம் கெடும். கேம் ஸ்பிராக்கெட்டின் பல்லையும் பார். பல் நுனி கொக்கி போல வளைந்திருந்தால் அதுவும் மாற்ற வேண்டியதே. கூடவே ஓ-ரிங், பேக்கிங், போல்டுக்கு அடியில் வரும் வாஷர் எல்லாம் புதிது வாங்கு. பழைய பேக்கிங்கை நிமிர்த்திப் போட்டு ஆயில் கசிந்தால் செய்த வேலைக்கே மரியாதை இல்லை. கம்பெனி பொட்டலத்தில், பார்ட் நம்பரும் விலையும் அச்சடித்தது வாங்கு. மொத்தச் செலவில் மீதம் பிடிக்க நினைக்கும் இடம் இதுவாக இருக்கக் கூடாது. போலி ரோலரின் ரப்பர் சூட்டு ஆயிலில் ஊறி உப்பிக் கழன்றதைப் பலமுறை கையில் எடுத்திருக்கிறேன்.

6. வேலை செய்யும் இடமும் நேரமும். நம் வாசல் கடலுக்கு முன்னால் இருக்கிறது. காலையில் காற்று அடங்கியிருக்கும். பகல் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து மணலைத் தூக்கும். திறந்த எஞ்சினுக்குள் ஒரு சிட்டிகை மணல் போதும், நீ மாட்டிய புதுப் பொருளெல்லாம் வீண். விடிந்ததும் தொடங்கு. நாலு பக்கமும் சுவர் உள்ள இடமாகப் பார். முடியாவிட்டால் காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டு. தரையில் சாக்கு விரிக்காதே, சாக்கின் பஞ்சும் மணலும் ஒட்டும். பழைய பிளெக்ஸ் பேனரைக் கழுவி விரி. முதல்நாள் மாலையே எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவி, மண்ணெண்ணெய் பிரஷ் போட்டுத் துடைத்து, உலர விடு. எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்கும், அதுவும் வேலைக்கு நல்லது.

7. உப்புப் பிடித்த போல்டு. அலுமினியத்தில் இரும்பு போல்டு, நடுவில் உப்பு ஈரம். இந்த மூன்றும் சேர்ந்தால் வெள்ளையாகப் பொரிந்து போல்டைக் கவ்விக்கொள்ளும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடல்நீர் புகுந்த வண்டிகளைத் திறந்தபோது இதன் முழுக் கோலத்தையும் பார்த்தோம். வெளியே துருவே தெரியாத வண்டியிலும் போல்டு தலை தனியாகவும் மரை தனியாகவும் வந்தன. அவ்வளவு இல்லாவிட்டாலும் நம் ஊரில் தினமும் நடப்பது அதே காரியம்தான். முதல்நாளே ஒவ்வொரு போல்டின் ஓரத்திலும் துரு கழற்றும் ஆயில் விடு. மறுநாள் காலை இன்னொரு முறை விடு. அளவான ரிங் ஸ்பேனரோ பாக்ஸோ போட்டு, முதலில் மிகக் கொஞ்சம் இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு கழற்று. அசையாவிட்டால் பலம் காட்டாதே. மறுபடி ஆயில் விட்டுக் காத்திரு, டீ குடித்துவிட்டு வா. ஸ்க்ரூ தலைகளுக்கு இம்பாக்ட் டிரைவர் இரவல் வாங்கு.

8. மேக்னட் புல்லர் இல்லாமல் மேக்னட்டைத் தொடாதே. சுத்தியால் அடித்து எடுப்பதைப் பார்த்திருப்பாய். கிராங்க் முனை மரை மழுங்கும், கிராங்க் கோணும், மேக்னட் விரிசல் விடும். உன் மாடலுக்கு உரிய புல்லர் விலை அதிகமில்லை. நாலு பேர் சேர்ந்து வாங்கித் தெருவுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம்.

9. ஆயிலை வடிக்கும்போது கவனித்துப் பார். சுத்தமான தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்தால் அது பேசும். கறுப்பு ரப்பர் துணுக்கு தெரிந்தால் ரோலரோ புஷ் ராடு தலையோ பிய்ந்திருக்கிறது. வெள்ளி மாதிரி மினுக்கும் தூள் அலுமினியம். ஸ்பிளெண்டரில் காகித ஃபில்டர் கிடையாது, வலது பக்க கிளட்ச் கவருக்குள் ஒரு கம்பி வலையும் சுழன்று அழுக்கைப் பிடிக்கும் ஃபில்டரும்தான். ரப்பர் துணுக்கைப் பார்த்தால் அந்தப் பக்கமும் திறந்து வலையைக் கழுவாமல் மூடக் கூடாது. வலை அடைத்தால் ஆயில் பம்புக்கு ஆயில் போகாது, நீ மாட்டிய புதுச் செயினும் கேமும் காய்ந்து ஓடும்.

10. முதலில் சின்ன வேலையைச் செய். ஸ்பிளெண்டர் எஞ்சினின் அடியில் ஆயில் வடிக்கும் பெரிய போல்டு, 17 நம்பர், எல்லோருக்கும் தெரியும். டென்ஷனர் போல்டு வேறு, இடது பக்கம் அடியில் இருக்கும். சுற்றிலும் வேறு போல்டுகளும் உண்டு, கியர் டிரம்மோடு சம்பந்தப்பட்டதும் இருக்கும். எது எது என்று புத்தகப் படத்தோடு ஒப்பிட்டுச் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டபின்தான் ஸ்பேனர் போட வேண்டும். போல்டை மெல்லக் கழற்றினால் ஸ்பிரிங்கும் அதன் பின்னால் புஷ் ராடும் வரும். ஸ்பிரிங்கின் நீளத்தை வெர்னியரில் அள, புத்தகத்தில் சொன்ன எல்லைக்குக் குறைவா என்று பார். புஷ் ராடின் தலை ரப்பர் குழி விழுந்ததா, உடம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்ததா என்று நகத்தால் தடவிப் பார். இந்த எஞ்சினில் ஸ்பிரிங் மட்டும் தாங்குவதில்லை, புஷ் ராடுக்குள் நிறையும் ஆயிலும் சேர்ந்து துள்ளலைத் தாங்குகிறது. ஆகவே புது ராடைக் காய்ந்தபடி செருகாதே. புது ஆயிலில் முக்கி, அதன் துளை அடைபடாமல் இருக்கிறதா பார்த்து மாட்டு. ராடும் ஸ்பிரிங்கும் தேய்ந்திருந்து, மாற்றியதும் சத்தம் போய்விட்டால், கொஞ்ச நாள் ஓட்டிக் கவனி. போகாவிட்டால்தான் இடது பக்கத்தைத் திறக்க வேண்டும்.

11. திறக்கும் ஒவ்வொரு படியையும் போனில் படம் எடு. வயர் போகிற வழி, எந்த போல்டு நீளம், எது குட்டை எல்லாம். ஒரு அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, போல்டுகளை அதே இடத்தில் குத்தி வை. பேட்டரி வயரைக் கழற்றிவிடு. 2020க்குப் பின் வந்த வண்டியில் கார்புரேட்டர் இல்லை, எல்லாம் சென்சார். அந்த வயர்களை இழுக்காமல் கிளிப்பை அழுத்தியே கழற்று. மேக்னட் வந்ததும் கிராங்க் முனையில் ஒரு சின்ன அரைவட்ட இரும்புக் கட்டை இருக்கும், மேக்னட் கீ என்போம். அதை உடனே எடுத்து டப்பாவில் போடு. மணலில் விழுந்தால் அரைநாள் தேடுவாய். அதற்குப் பின்னால் காயில் பிளேட், அதைக் கழற்றினால்தான் செயினும் டென்ஷனர் கையும் கண்ணுக்குத் தெரியும்.

12. குறி பார்ப்பது. பயப்பட வேண்டிய இடம் இதுதான். பயத்தோடு செய்தால் தப்பாது.

மேக்னட்டின் விளிம்பில் ‘டி’ என்று ஒரு கோடும் ‘எஃப்’ என்று ஒரு கோடும் வெட்டியிருக்கும். ‘எஃப்’ பிளக் நெருப்பு அடிக்கும் நேரத்துக்கானது. ‘டி’ பிஸ்டன் உச்சிக்கு வந்ததைச் சொல்வது. டைமிங் செயினுக்கு ‘டி’ மட்டுமே. புதியவர்கள் அவசரத்தில் ‘எஃப்’ கோட்டை ஒத்துவைத்துவிட்டு, ஸ்டார்ட் ஆகாத வண்டியைப் பொழுது சாயும் வரை உதைத்துக்கொண்டிருப்பார்கள். ‘டி’ கோடு எஞ்சின் உடம்பில் இருக்கும் குறியோடு நேராக நிற்கும்போது, மேலே கேம் ஸ்பிராக்கெட்டில் உள்ள வட்டக் குறி ஹெட்டில் வெட்டியிருக்கும் குறிக்கு நேராக நிற்க வேண்டும்.

பழையதைக் கழற்றும் முன்பே இந்த இரண்டையும் ஒத்துவைத்துப் படம் எடுத்துக்கொள். கேம் ஸ்பிராக்கெட் போல்டைத் தொடும் முன் செயின் போகும் பொந்தில் சுத்தமான துணியை அடை. விரலிலிருந்து நழுவும் போல்டு நேராக எஞ்சினின் வயிற்றுக்குள்தான் போகும். செயினை விட்டுவிடாமல் மெல்லிய கம்பியாலோ வலை கட்டும் தங்கூசியாலோ கட்டி வெளியே நிறுத்து.

புதுச் செயினை ஆயிலில் ஊறவைத்துக் கிராங்க் பல்லில் போட்டு, மேலே கொண்டுவா. புது டென்ஷனர் கையை மாட்டி, அதன் ரோலர் விரலால் தள்ளினால் தடையின்றிச் சுற்றுகிறதா பார். காயில் பிளேட்டைப் புது ஓ-ரிங்கோடு உட்காரவைத்து, கீயை வைத்து மேக்னட்டைப் பொருத்து. மேக்னட் இல்லாமல் ‘டி’ குறி இல்லை, ஆகவே குத்துமதிப்பாகச் செய்யாதே. ‘டி’யை நேர் செய்தபின் செயினை ஸ்பிராக்கெட்டில் ஏற்றிக் கேமில் பொருத்து. எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் கீழே புஷ் ராடும் ஸ்பிரிங்கும்.

இப்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, மேக்னட் நட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே, அதாவது இடது பக்கம் நின்று பார்த்தால் கடிகாரமுள் சுற்றுவதற்கு எதிர்த்திசையில், கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று மெல்லச் சுற்று. பின்னோக்கிச் சுற்றாதே. இரண்டு சுற்றுக்குப் பின் இரு குறியும் மறுபடி நேராக வர வேண்டும். கேம் குறி அரைப்பல் ஏறியோ இறங்கியோ இருப்பது போலத் தோன்றினால் ‘பரவாயில்லை’ என்று மூடாதே. ஒரு பல் இந்தப் பக்கம், ஒரு பல் அந்தப் பக்கம் மாற்றிப் பார்; சரியான இடம் தெளிவாகத் தெரியும். சுற்றும்போது நடுவில் இரும்பில் இரும்பு முட்டி நின்றால் அழுத்தவே கூடாது, அது வால்வு பிஸ்டனில் முட்டுவதாக இருக்கலாம். நிறுத்து, அதுவரை செய்த படியெல்லாம் சரிபார்.

13. டென்ஷனர் போருக்குப் பின்னால் இருக்கும் வண்டிகள். நிறைய நூற்றைம்பது சிசி வண்டிகளில் அடிபோல்டு கிடையாது. போரின் பின்புறம் இரண்டு சின்ன போல்டில் ஒரு டென்ஷனர் தனியாக உட்கார்ந்திருக்கும். ஒரு வகையில் பல் பல்லாக முன்னேறும் முள் இருக்கும், முன்னால் போகும், தானாகப் பின்னால் வராது. இன்னொரு வகையில் சுருள் ஸ்பிரிங் ஸ்க்ரூவைச் சுழற்றி முள்ளைத் தள்ளும். இரண்டிலும் விதி ஒன்று: பிஸ்டனை உச்சியில் நிறுத்தியபின் கழற்று, கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் கிக்கரையோ பின்சக்கரத்தையோ தொடாதே, யாரையும் தொடவும் விடாதே. பிடிப்பு இல்லாத செயின் அந்த ஒரு அசைவில் பல் தாண்டும். மாட்டும்போது முள்ளை முழுக்க உள்ளே இழுத்து மாட்டி, அப்புறம்தான் விடுவிக்க வேண்டும். முள் நீண்டபடியே வைத்து போல்டால் இழுத்து இறுக்கினால் செயின் கம்பிபோல விறைத்து, கேமையே தின்றுவிடும். கழற்றிய டென்ஷனரின் முள் ஏறக்குறைய முழுக்க வெளியே வந்திருந்தால் குற்றம் டென்ஷனரிடம் இல்லை, செயின் தேய்ந்துவிட்டது. டென்ஷனரை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதே.

14. நிறுத்த வேண்டிய இடங்கள். ஸ்பிளெண்டரில் போருக்குள் இன்னொரு ரோலர் உண்டு, செயினுக்கு வழிகாட்டுவது, பக்கத்திலிருந்து வரும் ஒரு பின் போல்டில் தொங்கும். அதை ஒழுங்காக மாற்ற ஹெட்டைத் தூக்க வேண்டும். ஹெட்டைத் தூக்கினால் கேஸ்கட், நட்டு இறுக்கும் வரிசை, டார்க் ரெஞ்ச் எல்லாம் சேர்ந்து வரும். முதல் முறையே அதில் இறங்க வேண்டாம். அந்த ரோலர் பிய்ந்திருப்பது தெரிந்தால், கழற்றியவற்றை மூடி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வேலை தெரிந்த பட்டறைக்குப் போ, பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேள். செயின் அலுமினிய உடம்பில் ஆழமாகக் கோடு அறுத்திருந்தாலும், கேமின் மேடு உரிந்திருந்தாலும், மரை போய்விட்டிருந்தாலும் அதேதான். மரை போன இடத்தில் பெரிய போல்டைத் திணிப்பது, சணல் சுற்றி இறுக்குவது, பசை ஊற்றுவது எதுவும் வேண்டாம்; லேத்தில் புது மரை போட்டுத் தருவார்கள்.

15. இறுக்கம் கையில் தெரிய வேண்டும். அலுமினியத்தில் போகும் 6 மில்லிமீட்டர் போல்டுக்கு ஒரு கிலோகிராம்-மீட்டர் அளவு முறுக்கு போதும், அதாவது ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். பழகாத கை வலையிழுக்கும் பலத்தோடு இழுத்தால் மரை வெண்ணெயாக வந்துவிடும். ஸ்பேனரின் கடைசியைப் பிடிக்காமல் தலைப்பக்கம் நெருக்கிப் பிடி. கூடுமானால் டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கி நாலு போல்டு இறுக்கிப் பார். அதன்பின் கைக்குக் கணக்கு வரும். மாட்டும் முன் போல்டின் மரையில் துளி கிரீஸ் தடவினால் அடுத்த முறை உப்பு கவ்வாது.

16. ஸ்டார்ட் செய்வது. புத்தகம் சொல்லும் அளவு 10டபிள்யூ30 ஆயில், ஜாஸோ எம்ஏ என்று போட்டது ஊற்று. கிளட்ச் ஆயிலில் மூழ்கி ஓடுவதால் கார் ஆயில் கூடாது. பிளக் இல்லாமல், ஆக்ஸிலரேட்டர் தொடாமல், கிக்கரை மெதுவாகப் பல முறை மிதித்து ஆயிலை மேலே ஏற்று. பிறகு பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய். முதல் சில நொடி சத்தம் வரும், புஷ் ராடில் ஆயில் நிறைந்ததும் அடங்கும். அடங்காவிட்டால் ரேஸ் செய்து அடக்கப் பார்க்காதே, அணைத்துவிட்டுக் குறியை மறுபடி பார். அடங்கினால் ஐடிலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்து அடிபோல்டு, கேம் மூடி, மேக்னட் கவர் ஓரம் எங்கும் கசிவு இருக்கிறதா பார். முதல் ஓட்டம் பக்கத்து நிரவிக்குப் போய்த் திரும்பும் அளவு போதும், பெட்டி கட்டாமல்.

17. பழைய ஆயிலை மணலில் ஊற்றாதே, அரசலாற்றிலும் கொட்டாதே. ஆறு கடலில் கலக்கும் இடத்தில்தான் நம் படகுகள் நிற்கின்றன, சிறு வலைக்காரர்கள் அங்கேதான் வலை போடுகிறார்கள். கேனில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடு. பழைய செயினையும் ரோலரையும் உடனே வீசாதே. அவற்றைப் புதியதன் பக்கத்தில் வைத்து, எங்கே எவ்வளவு தேய்ந்தது என்று தம்பி தங்கச்சிகளுக்குக் காட்டு. தங்கச்சிகள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். மீன் விற்கப் போகும் வண்டியை ஓட்டுவது பாதி வீடுகளில் பெண்கள், அதன் சத்தத்தை முதலில் கேட்பவர்களும் அவர்கள்.

18. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வை. 500 கிலோமீட்டர் ஓடியபின் ஆயிலை ஒரு முறை மாற்று. புது ரோலர், புதுச் செயின் பழகும்போது உதிர்ந்த தூள் அதோடு போகும். அப்போதே எஞ்சின் ஆறியபின் டேப்பட் இடைவெளியையும் அள. அதன்பின் புத்தகம் சொல்லும் தவணைக்குக் கொஞ்சம் முன்னதாகவே ஆயில் மாற்று, நம் வண்டி தாங்கும் பாரமும் மணலும் புத்தகம் எழுதியவர்கள் பார்த்த சாலையில் இல்லை. திறக்கும்போது ஏதாவது புரியாவிட்டால், எந்த நேரமானாலும், எஞ்சினைப் பூட்டாமல் அப்படியே துணி போட்டு வைத்துவிட்டு என்னை வந்து கூப்பிடு. வருகிறேன்.